தம்பிக்காகப் பேசப் பத்து நிமிடம் கிடைத்திருக்கிறது, எதைக் கேட்பது?

தம்பியின் அக்கா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என் தம்பிக்கு 19 வயது. அறிவுசார் குறைபாடு, மிதமான அளவு என்று சான்றிதழில் போட்டிருக்கிறது. மூன்று நான்கு சொற்களைச் சேர்த்துப் பேசுவான். படம் காட்டினால் புரிந்துகொள்வான். கடிகாரம் பார்க்கத் தெரியாது, ஆனால் எந்த நேரத்துக்கு என்ன நடக்க வேண்டும் என்று எங்களைவிட நன்றாகத் தெரியும். (எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளைகளுக்கு நாம் சொல்லும் கற்றல் குறைபாடு வேறு, இது வேறு. பிரிட்டனில் ‘லேர்னிங் டிசெபிலிட்டி’ என்று எழுதினால் என் தம்பி மாதிரிப் பிள்ளைகளைத்தான் சொல்கிறார்கள். இது தெரியாமல் நான் ஒரு மாதம் சம்பந்தமில்லாத பக்கங்களைப் படித்துக்கொண்டிருந்தேன். நீங்களும் மாட்டிக்கொள்ள வேண்டாம்.)

விஷயத்துக்கு வருகிறேன். அவனைக் காட்டும் மருத்துவமனையில் இளையோருக்கான மனநலப் பிரிவை மாற்றி அமைக்கப் போகிறார்களாம். குடும்பங்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்கிறார்கள். வருகிற வியாழக்கிழமை எனக்குப் பத்து நிமிடம். எல்லாவற்றையும் கொட்டத்தான் வாய் துடிக்கிறது. ஆனால் கொட்டினால் தலையை ஆட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார்கள் என்பதும் தெரியும்.

எங்கள் கதை இது. 18 முடிந்ததும் தம்பிக்குச் சிறப்புப் பள்ளி முடிந்துவிட்டது. வேன் வருவது நின்றது. அதை அவனிடம் யாரும் சொல்லவில்லை. பள்ளியிலும் சொல்லவில்லை, வீட்டில் நாங்களும் சொல்லவில்லை. ‘சொன்னால் புரியவா போகிறது’ என்று விட்டுவிட்டோம். அவன் தினமும் காலை 7.45க்குப் பையை மாட்டிக்கொண்டு வாசல் கேட்டில் போய் நிற்பான். ஒன்பது மணிவரை நிற்பான். உள்ளே வந்து பையை அதே ஆணியில் மாட்டுவான். மூன்று வாரம் இப்படி. பிறகு ஒருநாள் கேட்டுக்குப் போகவில்லை. அன்றோடு எல்லாவற்றையும் நிறுத்தினான். துணி காயப்போடும் கிளிப்புகளை நிறம் பிரித்து அடுக்குவது அவனுடைய வேலை, வேறு யாரையும் தொட விடமாட்டான். அந்த டப்பாவைத் திறக்கவே இல்லை. குளிக்க மாட்டேன் என்றான். இரவெல்லாம் விழித்திருந்தான். இடது கன்னத்தில் தானே அறைந்துகொள்ள ஆரம்பித்தான்.

மனநலப் பிரிவில், ‘இது நோய் இல்லையம்மா, அவனுடைய குறைபாடே இப்படித்தான், மறுவாழ்வு மையத்தில் காட்டுங்கள்’ என்றார்கள். மறுவாழ்வு மையத்தில், ‘இது மனநலப் பிரச்சினை, அங்கேதான் பார்க்க வேண்டும்’ என்றார்கள். சிறுவயதிலிருந்து பார்த்த குழந்தைகள் பிரிவில் வயது தாண்டிவிட்டது. மூன்றாவதாக ஓர் இடத்தில் ஏழு நிமிடம் பார்த்து மாத்திரை எழுதினார்கள். முதலில் தூங்கி வழிந்தான். பிறகு உட்கார முடியாமல் அறைக்குள் நடந்துகொண்டே இருந்தான். ‘அடங்கவில்லை’ என்று அளவைக் கூட்டினார்கள்.

கடைசியில் பல் தேய்த்துவிடும்போது அம்மா தற்செயலாகப் பார்த்தார். இடப்பக்கம் கடைவாய்ப் பல் சொத்தை, ஈறு வீங்கிக் கிடந்தது. மயக்க மருந்து கொடுத்துப் பிடுங்கினார்கள். பல் போனதும் அறைந்துகொள்வது நின்றது. சிரிப்பு மட்டும் திரும்பவில்லை. கிளிப்பு டப்பா இன்னும் மூடியேதான் இருக்கிறது.

பத்து நிமிடத்தில் நான் எதைக் கேட்க வேண்டும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


கேட்பதே வேலை எழுதியது:

நான் உளவியலாளர், இப்படிப்பட்ட இளையோருடன்தான் வேலை. உங்களிடம் ‘அவனுடைய குறைபாடே இப்படித்தான்’ என்று சொன்னார்களே, அந்த வாக்கியத்தைத்தான் நான் முதலில் எடுப்பேன். 1982இல் ஸ்டீவன் ரைஸும் உடன் இருந்தவர்களும் ஒரு சோதனை செய்தார்கள். பயத்தால் முடங்கிப்போன ஒருவரைப் பற்றிய ஒரே விவரத்தை உளவியலாளர்களிடம் கொடுத்தார்கள். சிலருக்கு மட்டும் அவருக்கு அறிவுசார் குறைபாடு இருப்பதாகச் சொன்னார்கள். அப்படிச் சொல்லப்பட்டவர்கள் அந்தப் பயத்தை மனநலப் பிரச்சினையாகப் பார்ப்பது குறைந்துபோனது. பயம் அதே பயம்தான். குறைபாடு என்ற பெயர் நடுவில் வந்து அதை மறைத்துவிட்டது. நாற்பது ஆண்டு தாண்டியும் உங்கள் தம்பிக்கு நடந்தது அதேதான்.

எண் கேட்பார்கள் என்றால் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனின் தேசியக் கணக்கெடுப்புகளை வைத்து எமர்சனும் ஹேட்டனும் 2007இல் வெளியிட்டது: அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளில் 36 சதவீதம் பேருக்கு மனநலக் கோளாறு இருந்தது, மற்றப் பிள்ளைகளில் 8 சதவீதம். இதில் ஒரு பங்கு குறைபாட்டால் வந்ததே இல்லை, வறுமையும் குடும்ப நெருக்கடிகளும் அந்தப் பிள்ளைகளை அதிகமாகத் தாக்குவதால் வந்தது என்பதையும் அவர்களே காட்டினார்கள். ஆக ‘இயல்பே அப்படி’ என்பது எண்ணிலும் நிற்காது.

என்னைக் கேட்டால் ஒரே ஒரு மாற்றம் கேளுங்கள். நோயாளியை மற்ற 19 வயதுக்காரர்களோடு ஒப்பிடாமல், ஆறு மாதத்துக்கு முந்தைய அவரோடு ஒப்பிட வேண்டும். கிளிப்பு அடுக்கினவன் அடுக்கவில்லை. என்னிடம் வந்திருந்தால் மனச்சோர்வு இருக்கிறதா என்று தேடத் தொடங்க எனக்கு அது போதும். பேச்சு குறைவாக உள்ளவர் ‘எனக்கு எதிலும் பிடிப்பில்லை’ என்று வாக்கியமாகச் சொல்ல மாட்டார், டப்பாவை மூடிவைப்பார். முதல் சந்திப்புக்கான படிவத்தில் ‘முன்பு செய்து இப்போது விட்டது என்ன’ என்று ஒரு கேள்வி இருந்தால்கூடப் பெரிய விஷயம்.

அப்புறம் ஒன்று. தம்பியிடம் அங்கே எப்படிக் கேள்வி கேட்டார்கள்?


தம்பியின் அக்கா எழுதியது:

கேட்டதே ஒரு கேள்விதான். ‘எப்படி இருக்கே?’ அவன், ‘நல்லா இருக்கேன்.’ அதைத்தான் எழுதிக்கொண்டார்கள். அந்தப் பதில் சிறுவயதில் நாங்கள் சொல்லிக்கொடுத்தது! யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்லுவான், காய்ச்சலில் கிடந்தாலும்.

நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நேற்றிரவு அவனிடம், ‘சோகமா, சந்தோஷமா?’ என்று கேட்டேன். ‘சந்தோஷம்’ என்றான். கொஞ்சம் கழித்து, ‘சந்தோஷமா, சோகமா?’ என்று திருப்பிக் கேட்டேன். ‘சோகம்.’ இன்னும் இரண்டு விஷயத்தில் கேட்டுப் பார்த்தேன். எல்லாவற்றிலும் கடைசிச் சொல்தான் பதிலாக வருகிறது. பத்தொன்பது வருடம் கூடவே இருக்கிறேன், இதை நான் கவனித்ததே இல்லை.


கேட்பதே வேலை எழுதியது:

நீங்கள் கவனித்ததைத் துறையில் இருக்கிறவர்களே பலர் கவனிப்பதில்லை. இதுபோல எல்லாவற்றுக்கும் ‘ஆமாம்’ சொல்கிறவர்களும் உண்டு, கேட்பவரைத் திருப்திப்படுத்தப் பார்க்கிறார்கள். அதனால் ‘இதுவா, அதுவா’ என்று வாயால் கேட்க வேண்டாம். இரண்டு படம் வைத்துத் தொடச் சொல்லுங்கள், இன்னொரு நாள் இடம் மாற்றி வைத்துக் கேளுங்கள். கேட்டபிறகு சும்மா இருங்கள். மனதுக்குள் பத்து எண்ணும்வரை வாயைத் திறக்காதீர்கள். நாம் இரண்டு வினாடியில் கேள்வியை வேறு மாதிரி மாற்றிக் கேட்டுவிடுவோம், அவர் பாவம் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.


ஒரு அப்பா எழுதியது:

மாத்திரை பற்றி யாரும் பேசவில்லையே. நான் பேசுகிறேன்.

என் மகளுக்கு இப்போது 22. ‘அமைதிப்படுத்த’ என்று 15 வயதில் ரிஸ்பெரிடோன் என்ற மனநல மருந்தைத் தொடங்கினார்கள். எதற்காக, எத்தனை நாளைக்கு என்று ஒரு வரி எழுதப்படவில்லை. ஒவ்வொரு முறையும் வேறு மருத்துவர், பழைய சீட்டைப் பார்த்து அதையே எழுதுவார். நான்கு வருடம் ஓடியது. எடை 17 கிலோ கூடியது. மாதவிடாய் நின்றது, அதையும் ‘இவர்களுக்கு அப்படித்தான்’ என்றார்கள். அந்த மருந்து புரோலாக்டின் என்ற சுரப்பைக் கூட்டும், அதனால் மாதவிடாய் நிற்கலாம் என்று ஐந்தாவது மருத்துவர்தான் சொன்னார். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிட்டது.

உங்கள் தம்பி உட்காராமல் நடந்துகொண்டே இருந்தான் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில் எனக்குத் திக்கென்றது. மனநோய்க்குக் கொடுக்கும் சில மருந்துகளே உடம்புக்குள் ஒரு தவிப்பை உண்டாக்கும், அகதீசியா என்பார்கள். உட்கார விடாது, நிற்க விடாது. பேசத் தெரிந்தவர் ‘உள்ளே என்னவோ செய்கிறது’ என்று சொல்லிவிடுவார். பேசத் தெரியாதவர் நடப்பார், கத்துவார். பார்ப்பவர்கள் நோய் கூடிவிட்டது என்று அளவைக் கூட்டுவார்கள், தவிப்பும் கூடும். உங்கள் தம்பிக்கு நடந்தது அதுதான் என்று நான் சொல்லவில்லை, நான் மருத்துவன் இல்லை. ஆனால் அதைக் கேளுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், அது இன்னும் ஆபத்து. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும், மருத்துவர் பார்வையில்.

2008இல் ‘லான்செட்’ இதழில் பீட்டர் டைரரின் குழு வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. மனப்பிறழ்வு நோய் இல்லாத, ஆனால் ஆக்ரோஷமாக நடந்துகொள்ளும் அறிவுசார் குறைபாடுள்ள பெரியவர்கள் 86 பேர். சிலருக்கு ரிஸ்பெரிடோன், சிலருக்கு ஹாலோபெரிடால், சிலருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. நான்கு வாரத்தில் மூன்று குழுவிலும் ஆக்ரோஷம் குறைந்தது, அதிகமாகக் குறைந்தது வெற்று மாத்திரைக் குழுவில்! சிறிய ஆய்வுதான், ஒத்துக்கொள்கிறேன். சில பிள்ளைகளுக்கு மருந்து தேவைப்படுகிறது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வேறு எதையும் தேடாமல் முதலில் மாத்திரைக்குக் கை போவதற்கு என்ன நியாயம்? இங்கிலாந்தில் 2016இல் ‘ஸ்டாம்ப்’ (STOMP) என்று ஒரு திட்டமே தொடங்கினார்கள், தேவையில்லாத மனநல மருந்துகளைக் குறைக்க.

பத்து நிமிடத்தையும் இதற்கே செலவழியுங்கள் என்பேன். எதற்கு இந்த மாத்திரை, எந்தத் தேதியில் மறுபடி பார்ப்பீர்கள், பலன் இல்லையென்றால் எப்போது குறைப்பீர்கள்? மூன்றும் சீட்டில் எழுத்தில் இருக்க வேண்டும். எடை, சர்க்கரை, கொழுப்பு பார்த்த தேதியும் கூடவே.


ஓய்வில்லாத செவிலி எழுதியது:

மேலே எழுதியவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவளாகச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். ‘ஒப்பிடுங்கள்’, ‘தேடுங்கள்’ என்றால் எல்லோரும் சரி என்பார்கள், திங்கட்கிழமை காலை ஒன்றும் மாறியிருக்காது. எங்கள் அன்றாட வேலை அட்டவணையில் மாறக்கூடியதாகக் கேளுங்கள்.

முதல் சந்திப்புக்கு இரட்டை நேரம். கணினியில் ஒரு இடத்துக்குப் பதில் இரண்டு இடத்தை அடைப்பதுதான், அதற்குப் புதுக் கட்டிடம் வேண்டாம். அடுத்து, மனநலப் பிரிவுக்கு வருமுன் உடம்பைப் பார்க்கும் ஒரு தாள்: பல், காது, மலச்சிக்கல், நெஞ்செரிச்சல், தூக்கம், வலிப்பு, பெண்களுக்கு மாதவிடாய் வலி. டவுன் நோய்க்குறி உள்ளவர்களுக்குத் தைராய்டு கட்டாயம். அவர்களில் தைராய்டு குறைவது அதிகம், அது அப்படியே மனச்சோர்வு மாதிரி இருக்கும். மலச்சிக்கலை நிறையப் பேர் சிரித்துக்கொண்டே தாண்டிப்போவார்கள். ஒருமுறை எங்களிடம் கட்டிலோடு அழுத்திப் பிடித்துக் கொண்டுவந்த பையனுக்கு அதுதான் முழுப் பிரச்சினையும். உங்கள் தம்பியின் பல்லும் அந்தத் தாள் இருந்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். இங்கிலாந்தில் 14 வயதிலிருந்து இவர்களுக்கு ஆண்டுக்கொரு முழு உடல் பரிசோதனை வைத்திருக்கிறார்கள். வருடம் ஒருமுறை என்பது நடக்காத காரியம் இல்லை.

18 வயது விஷயம்தான் கஷ்டம். குழந்தைகள் பிரிவும் பெரியவர்கள் பிரிவும் வேறு வேறு தலைமை, வேறு வேறு பணம். அந்தச் சண்டையில் நீங்கள் தலையிட வேண்டாம். ஒன்று மட்டும் கேளுங்கள்: அடுத்த இடத்தில் முதல் சந்திப்பு முடியும்வரை பழைய பிரிவு கோப்பை மூடக்கூடாது.

எல்லோரும் அக்காவுக்கு யோசனை சொல்கிறோம். அங்கே போய் உட்காரப்போகிறவர் தம்பி. அவரைக் கேட்டீர்களா?


பழைய டீச்சர் எழுதியது:

செவிலி கேட்டதுதான் நான் எழுத வந்ததும். அதற்கு முன் ஒன்று. 26 வருடம் சிறப்புப் பள்ளியில் இருந்தேன். வேன் நின்றதைத் தம்பியிடம் சொல்லவில்லை என்று எழுதியிருந்தீர்கள். உங்களைக் குறை சொல்ல மாட்டேன், நாங்களும் எத்தனையோ பிள்ளைகளை அப்படித்தான் அனுப்பியிருக்கிறோம். அவனைப் பொறுத்தவரை டிரைவர், ஆயா, பக்கத்து இருக்கைப் பையன், எல்லோரும் ஒரே நாளில் காணாமல் போய்விட்டார்கள். நமக்கு அப்படி நடந்தால் அதை இழப்பு என்போம். அவனுக்கு நடந்தால் நடத்தைக் கோளாறு என்கிறோம்.

இப்போதும் சொல்லலாம். பள்ளிக் கட்டிடத்தின் படம், வேனின் படம், அவன் அங்கே இருந்த படங்கள் கிடைத்தால் ஒரு நோட்டில் ஒட்டுங்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு படம், கீழே ஒரே ஒரு சிறிய வாக்கியம். கடைசிப் பக்கத்தில், ‘பள்ளி முடிந்தது. வேன் வராது.’ மழுப்ப வேண்டாம். ‘லீவு’ என்று சொன்னால் மறுபடி கேட்டுக்குப் போவான். முடிந்தால் அவனைப் பள்ளிக்கு ஒருமுறை கூட்டிப்போய் விடைபெறச் செய்யுங்கள்.

பேச்சு வைத்தியம் இவர்களுக்கு ஆகாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஒரு மணி நேரம் உட்கார வைத்துப் பேசுவதுதான் ஆகாது. இருபது நிமிடமாகக் குறைத்து, படத்தோடு, அதே ஆளிடம், வீட்டில் ஒருவரையும் சேர்த்துக்கொண்டு செய்தால் பலன் கிடைப்பதை நான் பார்த்திருக்கிறேன். அதைக் கேளுங்கள்.


தம்பியின் அக்கா எழுதியது:

புதன் இரவு. நாளைக்குத்தான் கூட்டம்.

எல்லோருக்கும் பதில் எழுத முடியவில்லை. அந்த அப்பா சொன்னபடி மூன்று கேள்வியையும் எங்கள் மருத்துவரிடம் கேட்டேன். முகம் சுளித்தார், பிறகு பழைய சீட்டுகளை முதல்முறையாக வரிசையாக வைத்துப் பார்த்தார். அளவைக் குறைக்கத் தொடங்கியிருக்கிறோம், நாலு வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சமாக. தேதி சீட்டில் எழுதியிருக்கிறது.

நோட்டு செய்தேன். பத்துப் பக்கம். கடைசிப் பக்கத்தில் வேன் படத்தின்மேல் அவன் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் எடுக்கவே இல்லை. பத்து எண்ணுங்கள் என்றீர்களே, நான் அறுபது வரை எண்ணியிருப்பேன். ‘வராது’ என்றான். அழுதான். வேன் நின்று இத்தனை மாதத்தில் அவன் அழுவதை இப்போதுதான் பார்த்தோம். அம்மா நோட்டைப் பிடுங்கப் போனார், நான்தான் தடுத்தேன். தடுத்தது சரியா என்று இன்னும் தெரியவில்லை. நேற்று அவனே அந்த நோட்டைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு தூங்கினான். கிளிப்பு டப்பாவை இன்னும் தொடவில்லை.

அப்புறம் தம்பியைக் கேட்டேன். மருத்துவமனையில் எதுவெல்லாம் இருக்கிறதோ எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் எடுத்து அட்டை போட்டேன்: மருத்துவர் அறை, ரத்தம் எடுக்கும் இடம், மாத்திரை, எடை மிஷின், காத்திருக்கும் கூடம், லிஃப்ட். பிடித்தது ஒரு பக்கம், பிடிக்காதது ஒரு பக்கம் வைக்கச் சொன்னேன். ஞாயிறு ஒருமுறை, நேற்று வரிசையையும் பக்கத்தையும் மாற்றி ஒருமுறை. ரத்தம் எடுக்கும் இடம்தான் பிடிக்காது என்று நினைத்திருந்தேன். அது ஒருமுறை இங்கே போனது, ஒருமுறை அங்கே போனது. காத்திருக்கும் கூடத்தை மட்டும் இரண்டு முறையும் எந்தப் பக்கமும் வைக்கவில்லை. குப்புறக் கவிழ்த்துத் தரையில் வைத்து அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

அந்தக் கூடத்தில் நாங்கள் ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறோம். ஒலிபெருக்கியில் எண் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். உள்ளே போகும்போது அவன் ஏற்கெனவே காதைப் பொத்திக்கொண்டுதான் போவான், மருத்துவர் பார்க்கிற தம்பி அந்தத் தம்பிதான்.

ஆக நாளைக்கு முதலில் சொல்லப்போவது அதுதான். எங்களை வெளியே வண்டியிலேயே இருக்க விடுங்கள், முறை வந்ததும் போன் செய்யுங்கள். அட்டையையும் கொண்டுபோகிறேன். கசங்கிப் போயிருக்கிறது, பரவாயில்லை. இரட்டை நேரம், உடம்பைப் பார்க்கும் தாள், மாத்திரைக்குத் தேதி, கோப்பை மூடாதது, முன்பு செய்து இப்போது விட்டது என்ன என்ற கேள்வி, இதெல்லாம் மீதி நேரத்தில். முடியாவிட்டால் எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறேன்.